காஜாகூகூவும் சேகர் சித்தப்பாவும்

நித்யா: சித்தப்பா, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரிஸ் மூன்றாவது சீசனில் அந்தப் பையனும் கேர்ள்பிரண்டும் ரேடியோவில் பாடுவார்களே, நெவரெண்டிங் ஸ்டோரி, அது யார் பாடியது? காலையிலிருந்து வாயில் அதே வருகிறது

சேகர் சித்தப்பா: லிமால். 1984. இசை ஜார்ஜியோ மொரோடர். ஆனால் அதற்கு முந்தின வருஷத்துக் கதைதான் கதை

மீனா சித்தி: இவரிடம் போய்க் கேட்டாயே நித்யா. இனி தோசை ஆறித்தான் போகும்

சேகர் சித்தப்பா: இங்கிலாந்தில் லெய்டன் பஸர்ட் என்று ஒரு சின்ன ஊர். நாலு பையன்கள், நன்றாக வாசிப்பார்கள், பாடத்தான் ஆள் வேண்டும், கிறிஸ்டோபர் ஹாமில் வந்து சேர்ந்தார். ஹாமில் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் லிமால். பேண்டுக்குப் பெயர் காஜாகூகூ

அருண்: பாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற சத்தம் மாதிரி இருக்கே 😂

சேகர் சித்தப்பா: சரியாகச் சொன்னாய், மழலையிலிருந்து எடுத்த பெயர்தான். லிமால் லண்டனில் ஒரு கிளப்பில் சர்வர். அங்கே வந்த டுரான் டுரான் பேண்டின் நிக் ரோட்ஸிடம் பேசிப் பழகி, அவரே இவர்கள் பாட்டுக்குத் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஆகிவிட்டார். டூ ஷை, 1983 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 5ஆம் இடம்

நித்யா: முதல் பாட்டேவா!

சேகர் சித்தப்பா: முதல் பாட்டே. ஆனால் எல்லாரும் பார்த்தது லிமாலின் முடியை, மேலே வெளிறிய மஞ்சளில் முள்ளம்பன்றி மாதிரி, பின்னால் கறுப்பு. அதே வருஷம் அவரை நீக்கிவிட்டார்கள். மேனேஜர் போனில் சொன்னார்

மீனா சித்தி: போனிலா? கல்யாணச் சமையல்காரரைக்கூட நேரில் பார்த்துத்தானே வேண்டாம் என்போம்

சேகர் சித்தப்பா: அப்புறம் பேஸ் கிடார் நிக் பெக்ஸே பாடினார். பிக் ஆப்பிள் என்ற பாட்டு பிரிட்டனில் 8ஆம் இடம் வரை போனது. அதற்கடுத்து சறுக்கல்தான். பெயரைக் காஜா என்று சுருக்கிப் பார்த்தார்கள், 1985இல் ஒரு ஆல்பம், அதோடு சரி

அருண்: கூகூ போனதும் ரயிலும் நின்றுவிட்டது

சேகர் சித்தப்பா: சிரிக்காதே. வாசிப்புக்கு மரியாதை வேண்டும் என்று நினைத்தவர்கள், ஆனால் வந்த கூட்டம் முகத்துக்கு வந்த கூட்டம். டூ ஷை கேள், பாட்டு தொடங்கும் முன்பே பேஸ் துள்ளும், இயர்போனில் கேள், போன் ஸ்பீக்கரில் அது வராது. அதே பெக்ஸ் பிற்பாடு ஸ்டீவ் ஹாக்கெட், ஸ்டீவன் வில்சன் மாதிரி பெரிய ராக் கலைஞர்கள் கூடவெல்லாம் வாசித்தார்

நித்யா: கேட்டேன். பேஸ் அருமை. ஆனால் வாயில் நிற்பது லிமால் பாடின வரிதான் சித்தப்பா

மீனா சித்தி: எல்லாரும் கேட்டாச்சு இல்லையா, இவரைச் சாப்பிட அனுப்புங்கள்