லெதர் ஷூவுக்கு ஒட்டின ரப்பர் அரை சோல் முனையில பிரியுது: உதவி தேவை

குரோம்பேட்டை வாசி

லெதர் சோல் வெச்ச ஃபார்மல் ஷூ, 8 சைஸ். அடி தேயாம இருக்கணும்னு முன்பாதிக்கு மட்டும் ரப்பர் அரை சோல் ஒட்டியிருக்கு, கனம் 2 மி.மீ. இருக்கும். ஒட்டிக் கொடுத்தவர் சொல்யூஷன் (பசை) தடவி, கையோட வெச்சு, சுத்தியலால நாலு தட்டு தட்டினார். பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சது. மூணு வாரத்துல விரல் முனைப் பக்கம் வாயைப் பிளந்துடுச்சு. இன்ஸ்டன்ட் பசை ரெண்டு தடவை விட்டாச்சு, மறுநாளே படக்குனு விடுது.

லெதர் கெடாம இதை முழுசா எடுக்க முடியுமா? வீட்டிலேயே ஒழுங்கா ஒட்ட வழி இருக்கா? இல்ல, மழைக்கு மாட்டுற சிலிக்கான் உறையே போதுமா?

ஆம்பூர் சோல்

பசையை மாத்துறதுக்கு முன்னாடி பிளந்த இடத்தை விரிச்சு வெளிச்சத்துல பாருங்க. பசை எந்தப் பக்கம் தங்கியிருக்குங்கிறதுலதான் இதோட ஜாதகமே இருக்கு.

பசை முழுக்க ரப்பர் பக்கம் இருந்து, லெதர் பளபளன்னு வெறுமையா இருந்தா கோளாறு லெதர் பக்கம். புது லெதர் சோலுக்குத் தொழிற்சாலையிலேயே மெழுகு கலந்த பூச்சு கொடுத்திருப்பாங்க. அதைத் தேய்ச்சு எடுக்காம ஒட்டினா பசை பூச்சைப் பிடிக்கும், லெதரைப் பிடிக்காது. பசையோட பழுப்பா மெல்லிய செதில் உரிஞ்சு வந்திருந்தா சந்தேகமே வேண்டாம்.

பசை முழுக்க லெதர் பக்கம் இருந்து ரப்பர் வழவழன்னு இருந்தா ரப்பரைச் சொரசொரப்பு பண்ணல. அச்சுலேர்ந்து சுலபமா கழண்டு வர போடுற வழுக்குப் பொருள் அதன் மேலேயே படிஞ்சிருக்கும்.

ரெண்டு பக்கமும் பசை இருந்து, நடுவுல ஜவ்வு மாதிரி இழுபட்டா பசையே உள்ளுக்குள்ள தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். பசை காயறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு ஒட்டியிருப்பாங்க, இல்லேன்னா ஒட்டினது ரப்பரே கிடையாது, பி.வி.சி. பிளாஸ்டிக்.

பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரை இன்ஸ்டன்ட் பசையைத் தொடாதீங்க. அது கண்ணாடி மாதிரி இறுகி, அடிக்கு அடி மடங்குற இடத்துல நொறுங்கும். லெதர் நாருக்குள்ள இறங்கிட்டா அந்த இடத்துல அடுத்து எந்தப் பசையும் ஊறாது.

குரோம்பேட்டை வாசி

முனையில 3 செ.மீ. அளவுக்குப் பசை எல்லாம் ரப்பர் பக்கம்தான், செதிலும் இருக்கு. நடுப்பகுதியை லேசா இழுத்தா ரெண்டு பக்கமும் நூல் நூலா வருது, விரல்ல பிசுபிசுங்குது.

ஆம்பூர் சோல்

அப்ப ரெண்டு கோளாறு. முனையில பூச்சு எடுக்கல. நடுவுல இருக்கறது எனக்கு பி.வி.சி. மாதிரி தெரியுது. பி.வி.சி.யை வளையவைக்க அதுல எண்ணெய் மாதிரி ஒரு மென்மையாக்கி கலப்பாங்க. செருப்புக் கடைச் சொல்யூஷன் பெரும்பாலும் நியோப்ரீன்ங்கிற செயற்கை ரப்பர்ல செஞ்ச பசை. அந்த மென்மையாக்கி கொஞ்சம் கொஞ்சமா நியோப்ரீனுக்குள்ள ஊறி அதைக் கொழகொழன்னு ஆக்கிடும். ஒட்டின அன்னிக்கு இழுத்துப் பார்த்தா கல்லு மாதிரி நிக்கும், வாரங்கள் போனா விடும். அதனால ஒட்டினவர் மேல முழுப் பழியும் போட முடியாது.

உறுதி பண்ண ஒரு சோதனை: உறை உரிச்ச செம்புக் கம்பி 10 செ.மீ., குறடால பிடிச்சு கேஸ் அடுப்புல சிவக்கக் காய்ச்சுங்க. சுடர்ல நிறம் வராத அளவு சுத்தமானதும், சோலோட வெளிமுகத்துல தொட்டு மறுபடி சுடர்ல காட்டுங்க. பச்சையா எரிஞ்சா குளோரின், அதாவது பி.வி.சி. பசை பட்ட பக்கம் தொடாதீங்க. நியோப்ரீன்லயும் குளோரின் உண்டு, அதுவும் பச்சை காட்டி ஏமாத்தும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க, அந்தப் புகை தொண்டையைப் பிடிக்கும்.

பச்சை வந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல ரப்பர் ஷீட் வாங்குங்க. பி.வி.சி.யையும் ஒட்டலாம், அதுக்கு பி.யூ. (பாலியூரிதேன்) பசை, அதுல 3 முதல் 5 சதவீதம் ஹார்டனர், அதாவது இறுகவைக்கிற திரவம், கலந்த சில மணி நேரத்துல தீர்த்தாகணும். ஒரு ஜோடிக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

உப்புத்தாள்

எடுக்கிறதும் ஒட்டுறதும் நான் சொல்றேன்.

முதல்ல ஹேர் டிரையரை 2–3 நிமிஷம் சோல் மேல ஓட்டுங்க. பின்ஓரத்து மூலையிலிருந்து ஆரம்பிச்சு ரப்பரை அதன் மேலேயே மடக்கின மாதிரி தாழ்வா, மெதுவா இழுங்க. செங்குத்தா மேலே தூக்கினா லெதர் நாரும் சேர்ந்து பிய்யும். மிச்சப் பசையைக் கட்டை விரலால உருட்டினாலே உருண்டையா வரும். வராத இடத்துக்கு மட்டும் துணியில கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைங்க. ஷூ மேல நேரா ஊத்தினா ஓரச் சாயம் கரையும், தையல் காடி வரைக்கும் இறங்கும்.

அப்புறம் ஒரு நாள் நிழல்ல காயட்டும். ஈரத்தோட மூடினா உள்ளேயே புழுங்கும்.

60 அல்லது 80 நம்பர் உப்புத்தாள் எடுத்து, பளபளப்பு சுத்தமா போய் வெல்வெட் மாதிரி மயிர் எழும்புற வரைக்கும் தேய்ங்க. முனையிலதான் எல்லாரும் சோம்பல் படுவாங்க, பிரியறதும் அங்கதான். வெளியே தெரியுற தையல் நூல் இருந்தா அதன் மேல தேய்க்காதீங்க, நூல் அறுந்தா சோலே கழலும். ரப்பரோட ஒட்டுற பக்கத்தையும் கறுப்புத் தூள் வர்ற வரைக்கும் தேய்க்கணும். தூளை உலர்ந்த பிரஷ்ஷால தட்டுங்க. ஈரத் துணி வேண்டாம்.

பின்ஓரம் எங்க முடியணும்ங்கிறது முக்கியம். பாதம் அகலமா இருக்கிற இடத்துலதான் ஷூ மடங்கும். ரப்பர் அதைத் தாண்டி 1 முதல் 1.5 செ.மீ. பின்னாடி, ஷூவோட நடுவுல தரையைத் தொடாத இடுப்புப் பகுதியில முடியணும். மடங்குற கோட்டுலயே முடிஞ்சா ஒவ்வொரு அடியும் அந்த ஓரத்தை நெம்பும். பின்ஓரத்தைக் கத்தியால சாய்வா சீவி, காகிதம் மாதிரி மெலிசாக்குங்க.

பசைக்கு, ஹார்டுவேர் கடையில பிளைவுட் மேல மைக்கா ஒட்டுற சொல்யூஷன் கேளுங்க. வெள்ளை மரப்பசை வேண்டாம், தண்ணி பட்டா ஊறி விடும். லெதர் முதல் கோட்டைக் குடிச்சுடும், அதனால லெதருக்கு 2 கோட், ரப்பருக்கு 1. ரெண்டுமே மெலிசா. முதல் கோட்டுக்கு 15–20 நிமிஷம், ரெண்டாவதுக்கு 10–15. விரல் கணுவால தொட்டா ஒட்டுற உணர்வு இருக்கணும், ஆனா பசை கூட வரக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலையைச் செஞ்சா இன்னொரு வம்பு. கரைப்பான் ஆவியாகும்போது பசை குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதன் மேல பனி மாதிரி படியும். வெளிறின படலம் தெரிஞ்சா அப்படியே ஒட்டாதீங்க. டிரையரால சூடாக்கினா பசை திரும்ப மினுங்கும், அப்ப ஒட்டுங்க.

முனை தூக்குறதுக்குப் பூச்சு மட்டும் காரணம் இல்ல. ஷூவோட முனை மேல் நோக்கி வளைஞ்சிருக்கும், ரப்பர் ஷீட் தட்டை. வலிஞ்சு வளைச்சு ஒட்டினா அது திரும்ப நிமிரத்தான் பார்க்கும். அதனால ரப்பரைச் சூடாக்கி, ஒரு பாட்டில் மேல சுத்தி வளைச்சு வெச்சுட்டு ஒட்டுங்க. பின்ஓரக் கோட்டுல முதல்ல பதிச்சு முனையை நோக்கி இறக்குங்க. ஒரு தடவை பட்டா நகர்த்த முடியாது. இரும்புக் கட்டை இருந்தா ஷூவை அதுல மாட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்க. இல்லேன்னா உள்ளே மரக்கட்டையை இறுக்கமா அடைங்க. வெறும் ஷூவைத் தட்டினா தட்டுற அழுத்தம் உள் அட்டையோட போயிடும்.

ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிறதைச் சோலோட ஒட்டச் சீவி, முனையைச் சரிவா ராவுங்க. படியில இடறுறது அந்த 1 மி.மீ. விளிம்புதான். 24 மணி நேரம் போடாதீங்க.

பழைய கட்டை

இவ்வளவு எதுக்கு? முனையில ஆறு சின்ன ஆணி அடிச்சா எங்கேயும் போகாது. இல்லேன்னா லாடம், அதான் முனைக்குப் போடுற இரும்புத் தகடு.

ஆம்பூர் சோல்

ஐயா, தடிச்ச சோலுக்கு ஆணி சரி. 2 மி.மீ. ரப்பர்ல ஆணித் தலை தங்க இடம் இல்ல, ரப்பர் தேய்ஞ்சதும் தலை தரையைத் தொடும். டைல்ஸ்ல வழுக்கும், கோடும் போடும். லெதர்ல ஈரம் ஏறினா ஆணி துருப்பிடிச்சு சுத்தி இருக்கிற நாரையும் இத்துப்போக வைக்கும். லாடம் முனைத் தேய்மானத்துக்கு நல்லதுதான், ஆனா சோலைச் செதுக்கிப் பதிச்சு ஸ்க்ரூ போடணும், மேலே வெச்சு அடிக்கக் கூடாது. ரப்பர் போட்டவருக்கு அது தேவையும் இல்ல.

மழைக்கோட்டு

சிலிக்கான் உறை பத்திக் கேட்டிருந்தீங்க. அது வேற வேலைக்கு. தண்ணியைத் தடுக்கும், தேய்மானத்தைத் தாங்காது. பைக்ல கியர் மாத்துறவங்களுக்கு இடது காலில் கியர் லிவர் படுற இடத்துலதான் முதல் ஓட்டை விழும். அடியில வரி வரியா மேடு இல்லாத உறை ஈர கிரானைட்ல சறுக்கும். சைஸ் சின்னதா வாங்கி இழுத்து மாட்டினா குதிகால் ஓரத்துல கிழியும்; ஷூவோட வெளி நீளத்தை அளந்து வாங்குங்க. போய்ச் சேர்ந்ததும் கழட்டுங்க, இல்லேன்னா வியர்வை வெளியேறாம லெதர் உள்ளிருந்தே நனையும். கழட்டினதை உள்பக்கம் வெளியே திருப்பிக் காய வெச்சு, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி மடிங்க. அடுத்த தடவை ஷூ வழுக்கிக்கிட்டு உள்ளே போகும்.

குரோம்பேட்டை வாசி

கம்பிச் சோதனை பண்ணியாச்சு, நல்ல பச்சை. ரப்பர் ஷீட் வாங்கப் போறேன். முன்பக்கம் 2 மி.மீ. ஏறினா ஹீல் உயரம் குறைஞ்ச மாதிரி ஆகாதா? இன்ஸ்டன்ட் பசை இறுகின இடத்தை என்ன பண்றது?

உப்புத்தாள்

2 மி.மீ. வரைக்கும் காலுக்குத் தெரியாது. 3, 4 போனா ஹீலுக்கும் அதே அளவு ஏத்தணும். கனம் கூடினா முனையும் சீக்கிரம் தூக்கும், அதனால 2-ஐத் தாண்டாதீங்க. இறுகின இடத்தைப் பஞ்சுல அசிட்டோன் தொட்டு 2 நிமிஷம் அழுத்தி வெச்சா இளகும். இளகினதைச் சுரண்டி எடுத்துட்டு, அந்த இடத்தை மட்டும் கூடுதலா தேய்ங்க. விரல் நகத்தால கீறினா நார் எழும்பணும். எழும்பலேன்னா இன்னும் பசை இருக்கு.