அடி வாங்குகிறார், ஆனால் புகார் வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

செக்கிங் மேசை:
திருப்பூர் பனியன் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் அக்கா, முகத்தில் வீக்கத்தோடுதான் பாதி நாள் வருகிறார். போன வருஷம் மகளிர் காவல் நிலையம் போனார். புருஷனைக் கூப்பிட்டு, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி விழுந்த அடிக்குக் கணக்கே இல்லை. இப்போது ஸ்டேஷன் என்றாலே வேண்டாம் என்கிறார். லீவு போட்டால் ஷிப்ட் சம்பளம் போச்சு, குழுக் கடன் இவர் பேரில், வாடகை வீடு அவன் பேரில். அவனை உள்ளே வைத்துவிட்டால் தவணையை யார் கட்டுவது என்று கேட்கிறார்.

நொய்யல்:
உள்ளே வைக்காமலே வழி இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், அதே வீட்டில் இருக்கும் உரிமை எல்லாம் கேட்கலாம், வாடகை வீடானாலும் சரி. உத்தரவை மீறினால்தான் அவனுக்கு ஜெயில். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டப்படி உதவ அரசு போட்டிருக்கும் அலுவலர்) யார் என்று கேளுங்கள். அவருக்கு நீங்களே தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் சொன்னதற்காக உங்கள் மேல் வழக்கு வராது. இலவச வக்கீலும் உண்டு, பெண் என்றால் வருமானம் பார்க்க மாட்டார்கள்.

கறிவேப்பிலை:
சட்டத்தில் 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, நடப்பில் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும் என்பதை அந்த அக்காவிடம் மறைக்காதீர்கள். அதனால்தான் முதலிலேயே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்ல வேண்டும், அது வந்தால் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை அடி விழுந்தால் அரசு ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல் யார் அடித்தது என்று சொல்லி ஏ.ஆர். (காயத்தை ஆஸ்பத்திரியில் பதியும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் போனால் மனு ரசீது வாங்காமல் வெளியே வரக்கூடாது.

செக்கிங் மேசை:
அக்கா போனை அவன் தினமும் நோண்டுவான், அதுதான் பயம்.

நொய்யல்:
அப்படியானால் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181க்குப் பேசட்டும், 24 மணி நேரமும் எடுப்பார்கள். புகார் கொடுக்கச் சொல்லித் துரத்தாதீர்கள், விவரம் மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ஆதார், ரேஷன் கார்டு, குழுப் பாஸ்புக் நகல்களை உங்கள் வீட்டில் வாங்கி வையுங்கள்.