டைல்ஸ் கடைக்கு டச் ஸ்கிரீன்: வியாபாரம் ஏறுமா, கரண்ட் பில்லு மட்டும் ஏறுமா?

கரூர்_டைல்ஸ்:
வணக்கமுங்க. கரூர்ல டைல்ஸ், சானிட்டரி கடை வச்சிருக்கோம். போன வாரம் ஒருத்தர் வந்து 55 இஞ்ச் டச் ஸ்கிரீன் டெமோ காட்டுனார். ஹால், கிச்சன், பாத்ரூம், எலிவேஷன்னு ரூம் படம் ரெடியா இருக்குது. தரை டைலைத் தொட்டா தரை மாறுது, செவுத்து டைலைத் தொட்டா செவுரு மாறுது. டார்க்கு, லைட்டு, நடுவுல டிசைன் போட்ட ஹைலைட்டர்னு பாத்ரூமுக்கு என்னென்ன சேக்கோணுமோ சேத்துப் பாக்கலாம். டைல் இடுக்குல பூசற குரௌட் கலரு கூட மாத்தலாமுங்க.

எங்க கஷ்டம் என்னன்னா, 4x2 அடி டைல்ல ஒரு பீஸை நிறுத்திக் காட்டுனா "ஹால் பூரா போட்டா எப்படி இருக்கும்?"னு கேக்கறாங்க. அதுக்கு எங்ககிட்டப் பதில் இல்லை. டைல் ஃபேக்டரிங்க இருக்கற குஜராத் மோர்பில இருந்து வர்ற கேட்லாக்கைப் புரட்டிப் புரட்டி அட்டை கிழிஞ்சதுதான் மிச்சம். ஸ்கிரீன் விலை லட்சத்தைத் தாண்டுது. அதுபோக சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் தனியாக் கட்டோணும். அப்பா ஒரே போடாப் போட்டுட்டார்: "அந்தக் காசுக்கு ரெண்டு பாத்ரூம் மாடல் கட்டி வைடா." வச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க.

நெல்லை_அண்ணாச்சி:
தம்பி, அய்யா பேச்சைக் கேளு. நமக்கு பெயிண்ட், ஹார்டுவேர். ஒரு ஸ்கிரீனு நம்ம கடையிலயும் வந்து உக்காந்துச்சு. புதுசுல சின்னப் பிள்ளைக எல்லாம் வந்து தடவிப் பாத்துதுக. இப்பம் அதுல விளம்பரம் ஓடுது, ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல.

பெயிண்டுல கலரு கலக்குத டிண்டிங் மெஷினு வந்தப்பம் நடந்த கதை வேற. அதுக்கு முன்னால ஒவ்வொரு கலரையும் 1 லிட்டர், 4 லிட்டர், 20 லிட்டர்னு தனித்தனியா அடுக்கணும். ஓடாத கலரு அலமாரியிலயே கட்டி தட்டிக் கெடக்கும். மெஷினு வந்ததும் கலரு சேக்காத பேஸ் பெயிண்ட் நாலஞ்சு, அதுல சேக்குத கலரண்டு டப்பா கொஞ்சம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்குல ஷேடு கையில. வாங்குதவன் கேட்ட கலரை அவன் கண்ணு முன்னாலயே கலக்கிக் குடுக்கோம். அது முடங்கிக் கெடந்த காசை வெளிய எடுத்துச்சு. இந்த ஸ்கிரீனு எந்தக் காசை வெளிய எடுக்கும்? படம் காட்டும்.

இன்னொண்ணு. ஸ்கிரீன்ல பாத்த கலரு செவத்துல வராது. வரலன்னா சண்டைக்கு வாரது கம்பெனிக்காரன்கிட்ட இல்ல, நம்மகிட்ட. கலந்த பெயிண்டை எவன் திருப்பி எடுப்பான்?

பிக்சல்_பையன்:
முதல்லயே சொல்லிடறேன், இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதறதுதான் என் வேலை. அதுக்கேத்த மாதிரி கழிச்சுப் படிச்சுக்கோங்க.

அண்ணாச்சி, கலர் விஷயத்துல நீங்க சொல்றது பாதி சரி. ஸ்கிரீன் தானே வெளிச்சம் விடுது. பெயிண்ட், மேல விழற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணாத் தெரியாது. ஆனா பாதித் தப்பு கடைக்காரங்க மேல. டிவி பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கு இருந்த விவிட் மோட்லயே வருஷக்கணக்கா ஓட்டறாங்க. பழுப்பு கூட ஆரஞ்சாத் தெரியும். மோடை மாத்தி, கலர் மீட்டர் வச்சு, பகல் வெளிச்ச அளவான 6500 கெல்வினுக்குச் சரி பண்ணினா பெரும்பாலும் கிட்ட வந்துடும். அப்புறம் வீட்டு ஹால்ல 3000 கெல்வின் மஞ்சள் லைட் போட்டா உங்க ஷேட் கார்டும்தான் வேற மாதிரி தெரியும். அதுக்கு யாரைத் திட்டறது?

கரூர்க்காரர் கேட்டது கலரைப் பத்தியே இல்லை, சேர்மானத்தைப் பத்தி. 40 தரை டைல், 60 செவுத்து டைல், 10 ஹைலைட்டர்னு வச்சுக்கோங்க. 24,000 சேர்மானம் ஆச்சு. அப்பா ரெண்டு பாத்ரூம் கட்டினா அதுல ரெண்டு தெரியும்.

நெல்லை_அண்ணாச்சி:
24,000 காட்டி என்ன செய்யப் போற? வந்தவன் மண்டை காஞ்சு "வீட்ல கேட்டுட்டு வாரேன்"னு போவான். அப்படிப் போனவன் எவனாவது திரும்பி வந்திருக்கானா?

எம்பிஏ_மாமா:
அண்ணாச்சிக்கு ஆதரவா ஒரு ஆய்வே இருக்கு. 2000ல வெளிவந்தது, ஐயங்கார், லெப்பர் ரெண்டு பேரும் கலிஃபோர்னியாவுல ஒரு மளிகைக் கடையில செஞ்சது. 24 வகை ஜாம் வச்ச மேசைக்கு வந்தவங்கள்ல 3% பேர்தான் வாங்கினாங்க. 6 வகை மட்டும் வச்சப்போ 30% பேர்.

பிக்சல்_பையன்:
மாமா, அந்த ஜாம் கதையை எல்லா மீட்டிங்லயும் சொல்வாங்க. அதுக்கப்புறம் வந்ததை யாரும் சொல்ல மாட்டாங்க. 2010ல இதே மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்து வச்சுப் பார்த்தாங்க. சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். சில இடத்துல அதிக வகை கெடுத்திருக்கு, சில இடத்துல உதவியிருக்கு. எப்படி அடுக்கிக் காட்டறோம்கறதுதான் விஷயம். திறந்ததும் 24,000 கொட்டற ஸ்கிரீனை நானே வாங்க வேண்டாம்னுதான் சொல்வேன்.

சைட்_இன்ஜி_திருச்சி:
ஜாம் சண்டையை ஒரு பக்கம் வைங்க. கரூர் நண்பரே, டெமோக்காரர் அடுத்த தடவை வரும்போது மார்பிள் டிசைன்ல ஒரு ஜிவிடி டைலை (மேல டிசைன் அச்சடிச்சு கிளேஸ் போட்டது) ஹால் முழுக்கப் போடச் சொல்லுங்க. சாம்பல் கோடு எல்லா டைல்லயும் ஒரே இடத்துல, ஒரே வளைவுல வருதான்னு பாருங்க. வந்தா, ஒரே ஒரு படத்தை ஏத்தி அதையே ஒட்டி ஒட்டி நிரப்பியிருக்காங்கன்னு அர்த்தம். நிஜத்துல ஒரு மாடலுக்கு நாலு பேஸ், ஆறு பேஸ்னு, அதாவது கோடு வேற வேற மாதிரி ஓடற படங்களா அச்சடிச்சு வரும். நாங்க நாலஞ்சு பெட்டியை ஒண்ணாப் பிரிச்சு, தரையில காயவே பரப்பிப் பார்த்து, பக்கத்துல பக்கத்துல ஒரே பேஸ் வராம மாத்தி வச்சுட்டுத்தான் ஒட்டுவோம். அந்தத் தரையும் ஸ்கிரீன்ல பார்த்த தரையும் ஒண்ணா இருக்காது.

அடுத்தது பேட்ச். அதே மாடல், அதே சைஸ், வேற தடவை சுட்டதுன்னா நிறம் லேசா மாறும். பெட்டி மேலயே பேட்ச் நம்பர் போட்டிருப்பான், ஸ்கிரீனுக்கு அது தெரியாது. பாதி ஹால் முடிஞ்சப்புறம் குறையுதுன்னு ஓடி வந்து வாங்கிட்டுப் போய் ஒட்டினா, சாயங்கால வெயில் சாஞ்சு விழும்போது நடு ஹால்ல எல்லைக்கோடு போட்ட மாதிரி தெரியும். வீட்டுக்காரர் அப்போ கூப்பிடறது என்னைத்தான்.

பாத்ரூம் தரை வழுக்குமான்னும் ஸ்கிரீன் சொல்லாது. டைல் மேல ஒரு மக் தண்ணி ஊத்தி, செருப்பைக் கழட்டிட்டு ஏறி நிக்கணும். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு நான் இதைச் செய்யாம டைல் எடுக்க விடறதில்லை.

புதுவீடு_மதுரை:
எல்லாரும் கடைக்காரங்களாவும் இன்ஜினியராவும் பேசுறீங்க. வாங்கப் போனவ நான் சொல்றேன்.

போன வருஷம் வீடு கட்டினோம். முதல்ல போன கடைகள்ல எல்லாம் சேல்ஸ்மேன் எங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தேதான் பேசினாரு. கிச்சன்ல நிக்கப் போறவ நான், "சார், பட்ஜெட் எவ்வளவு சார்?"னு கேள்வி எல்லாம் அவர்ட்ட. ஒரே டைலத் திரும்ப எடுக்கச் சொன்னா முகம் சுளிக்குது. தூக்கி வைக்கிற பையனுக்கும் பாவம் வெயிட்டுதான், அது தெரியுது. தெரிஞ்சதாலயே கேக்குறத விட்டுட்டேன்.

அப்புறம் போன ஒரு கடையில ஸ்கிரீன் இருந்துச்சு. நானும் எங்க அத்தையும் ஆளுக்கொரு ஸ்டூலப் போட்டு உக்காந்தோம். மேடைக்குக் கருப்பு கிரானைட் முன்னாடியே வாங்கியாச்சு. அதக் கீழ வச்சுட்டு மேல செவுத்துல ஒட்டுற டேடோ டைலுக்குப் பச்சை, கிரீம், சாம்பல்னு மாத்தி மாத்திப் பாத்தோம். அத்தை, "கிரீம்ல தாளிச்ச மஞ்சக் கறை அப்பிக்கிரும், பச்சை வச்சா உள்ள இருட்டடிக்கும்"னாங்க. உடனே ஜன்னல் பக்கச் செவுத்துக்கு மட்டும் கிரீம், அடுப்புப் பக்கம் பச்சைன்னு போட்டுப் பாத்தோம். இந்த யோசனை கேட்லாக்கப் புரட்டியிருந்தா வந்திருக்காது. கடைசில அந்த ரெண்டு டைல மட்டும் எடுத்தாரச் சொல்லி, கடை வாசல்ல வெயில்ல வச்சுப் பாத்துட்டு எடுத்தோம். எனக்கு ஒண்ணும் மண்டை காயல அண்ணாச்சி.

நெல்லை_அண்ணாச்சி:
அம்மா, அது அந்த சேல்ஸ்மேன் கோளாறு. பொம்பளையாளுகிட்டப் பேசத் தெரியாதவனை வேலைக்கு வச்சுட்டு, லட்ச ரூவாய்க்கு மெஷினு வாங்கி அதைச் சரிக்கட்டவா?

புதுவீடு_மதுரை:
அந்த சேல்ஸ்மேன் உங்க ஊர்லயும் இருக்காரு அண்ணாச்சி. ஆள மாத்துற வரைக்கும் நாங்க வீடு கட்டாம இருக்க முடியுமா?

லண்டன்_வாசி:
இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012இல், ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குச் சற்று முன், பிக்காடில்லி அருகே ஆடி கார் நிறுவனம் 'ஆடி சிட்டி' என்று ஒரு ஷோரூம் திறந்தது. நகரத்தின் நடுவே வாடகை தாங்காது, எல்லா மாடலையும் நிறுத்த இடமும் கிடையாது. அதனால் சில கார்களை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதை ஸ்கிரீனில் விட்டார்கள். டச் ஸ்கிரீனில் நிறம், வீல், உள் அலங்காரம் என்று தேர்ந்தெடுத்தால் சுவர் முழுக்க அந்தக் கார் வந்து நிற்கும். அவர்களுக்குப் பிரச்சினை இடம். கரூர் நண்பரே, உங்களுக்கு இடம்தான் பிரச்சினையா?

நெல்லை_அண்ணாச்சி:
நமக்குத் தெரிஞ்ச ஆடி, தள்ளுபடி போடுத ஆடி மாசந்தான். ஆனா நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. காரை ஸ்கிரீன்ல தொட்டு ஆர்டர் போட்டா, ஃபேக்டரியில அதே மாதிரி செஞ்சு அனுப்புதான். நம்ம டிண்டிங் மெஷினும் அந்த சாதிதான், கேட்டது உடனே கையில வரும். டைல்ஸ் அப்படியா? தொட்ட டைலு குடோன்ல இல்லன்னா, மோர்பியிலயும் அந்த மாடலை நிப்பாட்டியிருந்தா, என்னத்தைக் குடுப்ப? ஆசையைக் காட்டிட்டு "அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு சார்"னு இழுக்கணும். அந்த இழுப்புலதான் வியாபாரம் அந்துபோவும்.

சென்னை_புல்லட்:
இதுக்கு மெக்டொனால்ட்ஸ் கதை பொருந்தும். 2014 வாக்குல அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு 'கிரியேட் யுவர் டேஸ்ட்'னு கொண்டு வந்தாங்க. ஸ்கிரீன்ல பன், சீஸ், சாஸ்னு ஒவ்வொண்ணா நீங்களே தேர்ந்தெடுத்து பர்கர் கட்டலாம். விலையும் கூட, செஞ்சு வர நேரமும் கூட. அவசரத்துக்குச் சாப்பிட வர்ற கடையில அது எடுபடலை, அமெரிக்காவுல கொஞ்ச வருஷத்துல கைவிட்டாங்க. வேடிக்கை என்னன்னா ஸ்கிரீன் மட்டும் நின்னுடுச்சு, வழக்கமான மெனுவை ஆர்டர் எடுக்க.

இன்னொரு விஷயம். நம்ம ராயல் என்ஃபீல்டு 2020ல இருந்து 'மேக் இட் யுவர்ஸ்' வச்சிருக்கான். சீட்டு, மிரர், கலர் எல்லாம் போன் ஆப்லயே 3டில மாத்திப் பார்க்கலாம். கையில இருக்கற போன்ல நடக்கற காரியத்துக்குக் கடையில எதுக்கு 55 இஞ்ச்? ஒரு டேப்லட் வாங்கி, கடையில ஏற்கெனவே இருக்கற டிவில காட்டினா போதாதா?

பிக்சல்_பையன்:
புல்லட் வாங்கறவர் தனியா முடிவெடுப்பார். டைல்ஸ் கடைக்கு வீட்டுக்காரர், வீட்டம்மா, மாமியார், மேஸ்திரின்னு கூட்டமா வருவாங்க. ஆறு இஞ்ச்ல ஆறு பேர் எட்டிப் பார்க்க முடியாது. ஆனா டேப்லட்டும் டிவியும் நல்ல யோசனை, எங்க கம்பெனிக்கு நஷ்டம்னாலும் ஒத்துக்கறேன். தொடறதை விட எல்லாரும் ஒண்ணா நின்னு பார்க்கறதுதான் முக்கியம்.

பேஸ் விஷயத்துல இன்ஜி சார் சொன்னது நூத்துக்கு நூறு. எல்லா பேஸையும் ஏத்தி மாத்தி மாத்திப் போட வைக்கலாம், ஆனா டைல் கம்பெனி அந்தப் படங்களைத் தரணும். பல பேர் ஒண்ணு மட்டும் அனுப்பிட்டு விட்டுடறாங்க.

கரூர்_டைல்ஸ்:
எல்லாத்துக்கும் நன்றிங்க. லண்டன்காரர் கேட்டதுக்குப் பதில், இடம் எங்களுக்குப் பிரச்சினை இல்லீங்க. ஒவ்வொரு மாடல்லயும் டிஸ்ப்ளே பீஸ் ஒட்டி வச்சு, அந்த மாடல் நின்னதும் பேத்தெடுக்கறதுதான் செலவு. மதுரை அக்கா சொன்ன மாதிரி குடும்பத்தோட உக்காந்து பாக்கற ஒரு இடம் எங்க கடைல இல்லைங்கறதும் இப்பத்தான் உறைக்குது. பிக்சல் தம்பி, ரெண்டு கேள்வி. எங்க ஸ்டாக்குக் கணக்கு டேலி சாஃப்ட்வேர்ல ஓடுது, அதோட இதை இணைக்க முடியுமா? கடைல தூசி பறக்கும், ஸ்கிரீன் தாங்குமா?

பிக்சல்_பையன்:
இணைக்கலாம் அண்ணே. ஸ்டாக் 20 பெட்டிக்குக் கீழ போனா அந்த டைல் ஸ்கிரீன்லயே வராம மறைக்கலாம். ஆனா டேலில பேட்ச் வாரியா என்ட்ரி போட்டாத்தான் இன்ஜி சார் சொன்ன சிக்கல் தீரும். அது உங்க குடோன் ஆள் கையில இருக்கு.

தூசிக்கு, இன்ஃப்ராரெட் டச்சா, இல்ல போன்ல இருக்கற மாதிரி கப்பாசிட்டிவ் டச்சான்னு கேளுங்க. பெரிய ஸ்கிரீன்கள்ல நிறைய இன்ஃப்ராரெட்தான். ஒரு விளிம்புல இருந்து எதிர் விளிம்புக்குக் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓடும், விரல் அதை மறிச்சாத்தான் தொட்டது தெரியும். டைல் வெட்டற தூசி அந்த விளிம்புல படிஞ்சாலோ, நேர் வெயில் அடிச்சாலோ, தொடாமலே தொட்ட மாதிரி வேலை செய்யும். கட்டிங் மெஷினைக் கடைக்குப் பின்னால தள்ளுங்க, ஸ்கிரீனை வாசலுக்கு நேரா வைக்காதீங்க.

நெல்லை_அண்ணாச்சி:
தம்பி, இந்த டேலி இணைக்கதை எல்லாம் வாய்ல சொல்லுவான். ஸ்டாக்குல இல்லாதது ஸ்கிரீன்ல வராதுன்னு கொட்டேஷன்லயே எழுதித் தரச் சொல்லு. எழுதிக் குடுத்தாம்னா அய்யாவைக் கூட்டிட்டுப் போயி இன்னொரு தடவை டெமோ பாரு. எழுத மாட்டேம்னா பாத்ரூமைக் கட்டு.

புதுவீடு_மதுரை:
பாத்ரூம் கட்டுனாலும் பக்கத்துல ரெண்டு ஸ்டூலு போட்டு வைங்க தம்பி.