வேண்டுமென்றே தோற்று, டிராஃப்டில் முதல் தேர்வைப் பெற்றால் கோப்பை கிடைக்குமா?

கேள்வி

வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். பனி ஹாக்கி லீகில், புள்ளிப்பட்டியலின் அடியில் முடிக்கும் அணிக்கே, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலிடங்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே மூத்த வீரர்களைப் பிற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று பருவங்கள் தோற்பதே சரியான வழி என்று பலர் வாதிடுகின்றனர். பிட்ஸ்பர்க் அணி சிட்னி கிராஸ்பியையும், சிகாகோ அணி பேட்ரிக் கேனையும் அடிமட்டத்தில் கிடந்த காலத்தில்தான் பெற்றன. இரண்டுமே பின்னர் மும்மூன்று முறை லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்றன. நான் ஆதரிக்கும் அணியும் இதே வழியில் இறங்கும்போல் தெரிவதால் கேட்கிறேன்: இது உண்மையிலேயே பலன் தருமா?

மறுமொழி 1

பஃபலோ அணிக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட இளம் வீரர் கானர் மெக்டேவிட் டிராஃப்டுக்கு வரவிருந்த 2014-15 பருவத்தில் அந்த அணி கடைசி இடத்தில் முடித்தது. 2015 மார்ச்சில் சொந்த அரங்கில் நடந்த ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் அடித்தபோது, பஃபலோ ரசிகர்களிலேயே பலர் ஆரவாரித்தார்கள். அத்தனைக்கும் பிறகு, முதல் தேர்வு யாருக்கு என்பதை முடிவுசெய்யும் லாட்டரியில் 20 சதவீத வாய்ப்பு வைத்திருந்த பஃபலோவை விட்டுவிட்டு, 11.5 சதவீதமே வைத்திருந்த எட்மண்டனுக்கு முதல் தேர்வு போனது.

இரண்டாவதாகக் கிடைத்த ஜாக் ஐகெல் எளிய வீரர் அல்லர். ஆயினும் அவர் அங்கிருந்தவரை பஃபலோ ஒருமுறைகூட, கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபை எட்டவில்லை. 2021இல் வேகஸுக்கு மாற்றப்பட்டவர், 2023இல் அங்கே கோப்பையை வென்றார். பஃபலோ 2014இல் இரண்டாவது தேர்வாக எடுத்த சாம் ரைன்ஹார்ட்டோ, ஃபுளோரிடாவுக்குப் போய், 2025 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்தார். ஆள் தேர்வில் குறையில்லை. அவர்களைச் சுற்றி ஒரு முழுமையான அணி உருவாகவில்லை, பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். தோற்றே பழகிப்போன அணிக்குள் 18 வயது இளைஞனை இறக்கிவிட்டு, அவன் ஒருவனே எல்லாவற்றையும் மாற்றுவான் என்று எதிர்பார்ப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மரியோ லெமியூ இல்லாமல் பிட்ஸ்பர்க் 1991, 1992 கோப்பைகளை வென்றிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 1983-84இல் வெறும் 38 புள்ளிகளுடன், 41 புள்ளிகள் எடுத்த நியூ ஜெர்சிக்கும் கீழே முடித்ததால்தான் அவரைப் பெற்றார்கள். அவர் வந்த பிறகும் முதல் நான்கு பருவங்களில் பிளேஆஃப் வாய்ப்பு கிட்டவில்லை என்பதையும், 1990இல் ஐந்தாவது தேர்வாக யாரோமிர் யாகரும் 1991இல் பரிமாற்றத்தில் ரான் ஃபிரான்சிஸும் வந்துசேர்ந்த பின்னரே கோப்பை வசப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுமொழி 3

திறமையைக் கண்டறியும் தேர்வாளர்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. கொலராடோ 2016-17இல் 48 புள்ளிகளுடன் கடைசியாக முடித்தும், லாட்டரியில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கே அவர்கள் எடுத்த கேல் மகார்தான் 2022இல் கோப்பையோடு பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதையும் வென்றார். டெட்ராய்ட் பாவெல் டட்சுக்கை 171ஆவது இடத்திலும், ஹென்ரிக் செட்டர்பெர்கை 210ஆவது இடத்திலும் எடுத்தது. அதற்காக அது யாரிடமும் தோற்க வேண்டியிருக்கவில்லை.

கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. எட்மண்டனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுமொழி 1

2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதல் தேர்வு அவர்களுக்கே கிடைத்தது. அப்படியிருந்தும் பிளேஆஃபுக்குத் திரும்பியது 2017இல்தான். மெக்டேவிடும் லியோன் டிரைசைட்டிலும் சேர்ந்து 2024, 2025 இறுதித் தொடர்கள் வரை கொண்டுபோயும், இருமுறையும் ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள். உங்கள் அணி எத்தனையாவது இடத்தில் முடிக்கும் என்பதைவிட, இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் அது எடுத்த வீரர்கள் இன்று எங்கே ஆடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.