மறுமொழி: ரிஃப்ளெக்டருக்கு ‘ஒளிதிருப்பி’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

வண்டியின் ரிஃப்ளெக்டரைத் தமிழில் ‘ஒளிதிருப்பி’ எனலாமா என்று போன வாரம் நான் போட்ட இரண்டு வரிக் கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. வண்டி வேலை முடிந்து கை கழுவி உட்கார இரவு பத்தாகிவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்.

கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று கேட்டிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டில் பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப்பைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பியூஜோ டீசல் எஞ்சின் ஏறிவிட்டது, பெயிண்டும் முடிந்தது, டெயில் லைட் மாட்டுவதுதான் பாக்கி. ஒயரிங் தாளைத் தமிழிலேயே எழுதுவது என்று ஒரு வீம்பு. பின்விளக்கு, நிறுத்துவிளக்கு, திருப்பக்குறி விளக்கு, எண்பலகை விளக்கு என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவன் ரிஃப்ளெக்டரில் நின்றுவிட்டேன்.

அதற்குக் காரணம் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடை ஒன்றில் நடந்தது. வட்டமான பழைய மாடல் விளக்கு ஒரு ஜோடி கேட்டேன். “ரிஃப்ளெக்டரோட வேணும்” என்றேன். கடைக்காரர் சிவப்புக் கிளாஸைக் கழற்றி உள்ளே இருந்த வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டினார். “இன்னா சார், கண்ணாடி மாதிரி பளபளன்னு கீதே, இதுக்கு மேல இன்னா ரிஃப்ளெக்டர்?” அவர் சொன்னதில் தப்பே இல்லை. பல்பின் வெளிச்சத்தைப் பின்னால் தள்ளுகிற கிண்ணத்துக்கும் அதுதான் பெயர். எனக்கு வேண்டியதோ வேறு: பல்பே எரியாதபோதும், பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் பட்டதும் சிவப்பாகப் பளிச்சிடும் அந்த வில்லை. ஷெட்டுக்கு வந்து இருட்டில் டார்ச்சைக் கண்ணோரம் வைத்து அடித்துப் பார்த்தேன். கிளாஸ் வெறும் வரி போட்ட கிளாஸ். செத்த மீன் கண் மாதிரி இருந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் விளக்குக்கு ஒரு விதி, இதற்குத் தனியாக ஒரு விதி. விதி 105 கேட்பது 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியும் இரண்டு சிவப்பு விளக்குகள். பின்னால் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் கேட்பது விதி 104. எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பைக் ஓட்டியவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வரிசையாக நிற்கும். பின்னால் ஒட்டிய பட்டை மின்னினால் லாரி இருப்பது தெரியும். மின்னாவிட்டால் முட்டிய பிறகு தெரியும்.

இனி உங்கள் மடல்கள்.

> ‘எதிரொளிப்பான்’ என்று பாடநூலிலேயே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, எதிரொளிப்பு என்றால் பட்ட கோணத்திலேயே மறுபக்கம் தெறித்துப் போவது. முகம் பார்க்கும் கண்ணாடி அதைத்தான் செய்கிறது. சாய்வாக வந்த வெளிச்சத்தை வேறெங்கோ அனுப்பிவிடும், வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணுக்கு அனுப்பாது. நம் வில்லை செய்வது வேறு. கேரம் ஆடியவர்களுக்கு (வடசென்னையில் ஆடாதவர் யார்!) ஒரே வரியில் சொல்லலாம்: மூலைக்குப் பக்கத்தில் இரண்டு சட்டத்திலும் படுகிற மாதிரி ஸ்ட்ரைக்கரை அடித்தால், எந்தச் சாய்வில் அடித்தாலும் போன திசைக்கு இணையாகவே உங்களிடம் திரும்பி வரும். பலகையில் இரண்டு சட்டம். வில்லைக்குள் அறை மூலை போல மூன்று பரப்பு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. உடைந்த ஒன்றின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், குருணை குருணையாக நெருடும். ஒவ்வொரு குருணையின் முனையும் ஒரு மூலை. 1969இல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்த தட்டில் இதே மாதிரி 100 மூலைகள் உண்டு. பூமியிலிருந்து லேசரை அடித்தால் பூமிக்கே திரும்புகிறது. ஆக, சொல் ஜீப்புக்கு மட்டும் இல்லை.

> எங்கட பக்கம் ஒளித்தெறிப்பு எண்டுதான் படிச்சனாங்கள். ‘தெறிப்பி’ எண்டு வைக்கலாமே? அதோட வில்லை எண்டால் எங்களுக்கு லென்ஸ்.

அக்கா, ‘தெறிப்பி’ கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் தெறிப்பதும் எதிரொளிப்பதும் ஒரே செயல்தான், ஐயாவுக்குச் சொன்ன தடை இங்கேயும் வரும். ‘வில்லை’ பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு அது டவாலி சேவகர் மார்பில் தொங்குவது, மாத்திரை, வட்டமாகத் தட்டையாக இருக்கிற எதுவும். கலைச்சொல்லில் அதைச் சேர்த்தால் உங்களுக்குக் குழப்பம். எடுத்துவிட்டேன், பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

> ‘பூனைக்கண்’ என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் இடம் காலியாக இல்லை. சாலை நடுவில் பதிக்கிற மின்னும் குமிழுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. அது போக, ஜீப்காரர்கள் ‘கேட் ஐ’ என்றால் இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பின் இருட்டடிப்பு விளக்கு. அது தானே எரிவது. தூரத்தில் ஒரே புள்ளியாகத் தெரிகிற வெளிச்சம் நெருங்க நெருங்கப் பிரியும். அதை வைத்து முன்னால் போகிற வண்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணிப்பார்கள். அப்படி ஒரு ஜோடியை இந்த வண்டிக்கு மாட்டலாமா என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். கண்காட்சிக்கு சரி, எண்ணூர் ரோட்டுக்கு ஆகாது.

> ‘ஒளித்திருப்பி’ என்று வல்லினம் மிக வேண்டாமா?

வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஒளியைத் திருப்புவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஒலிபெருக்கி போலத்தான் இதுவும். (ஒலிப்பெருக்கி என்று எழுதிய போர்டுகளும் ஊரில் உண்டு, அது வேறு கதை.)

> திருப்புவது என்றால் திசை மாற்றுவதும்தானே? முப்பட்டகமும் ஒளியைத் திருப்புகிறது.

இதுதான் கனமான தடை, இரண்டு நாள் யோசித்தேன். கைமாத்து வாங்கியவர் பணத்தைத் திருப்பினார் என்றால் கொடுத்தவரிடமே கொடுத்தார் என்றுதான் பொருள். அந்தத் ‘திருப்பு’தான் எனக்கு வேண்டியது. ஆனால் ஷெட்டில் வேறு மாதிரி ஆகிவிட்டது. தாளை ஒட்டியதும் எங்கள் பையன் ‘ஒளிதிருப்பி’யைப் படித்துவிட்டு, “அண்ணே, இது இண்டிகேட்டரா?” என்றான். இரண்டு வரி மேலே ‘திருப்பக்குறி விளக்கு’ என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், அவனை என்ன சொல்ல?

‘மீளொளிப்பான்’ என்று ஒருவர் தந்ததை எழுதிப் பார்த்தேன். பொருள் துல்லியம். வாயில்தான் நுழையவில்லை, பையன் ‘மீன் ஒளிப்பான்’ என்றான். மீன்பிடித் துறைமுகமான காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை வைத்தால் கதை கந்தல். கடைசியில் நான் செய்தது: ஒளிதிருப்பியை அப்படியே வைத்துக்கொண்டு, திருப்பக்குறி விளக்கை அடித்து ‘இண்டிகேட்டர்’ என்றே எழுதிவிட்டேன். அந்தச் சொல்லில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை, அதைத் தமிழாக்கியது என் வீம்புதான்.

விளக்கு என்ன வாங்கினாய் என்று இருவர் தனி மடலில் கேட்டார்கள். பழைய வட்ட விளக்கையே வைத்துக்கொண்டேன். உள்ளே 21 வாட்டும் 5 வாட்டும் சேர்ந்த இரட்டை இழை பல்பு. அதன் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, அதனால் தலைகீழாக மாட்ட முடியாது. அதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. இண்டிகேட்டருக்கும் எல்இடி போடவில்லை, அதை விட்டுவிட்டு எரியவைக்கிற பழைய ஃபிளாஷருக்கு அந்தக் கொஞ்ச கரண்ட் போதாது. ஒளிதிருப்பி இரண்டும் தனியாக வாங்கி விளக்குக்குக் கீழே திருகியிருக்கிறேன், ஸ்டெப்னி மறைக்காத இடமாகப் பார்த்து.

மாட்டிய அன்றே பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. பெயிண்டர் கொஞ்சம் கூடுதலாகவே நல்ல வேலை செய்துவிட்டார், பெயிண்ட் மூடியதால் கரண்ட் திரும்பிப் போக பாடியில் எர்த் இல்லை. பெயிண்ட்டைச் சுரண்டி எர்த் ஒயர் தனியாக இழுக்கும் வரை, சொன்னபடி கேட்டது அந்த ஒளிதிருப்பி இரண்டும்தான்.

இன்னும் ஒன்று பாக்கி: உள்ளே இருக்கும் அந்த வெள்ளிக் கிண்ணம். ‘ஒளிக்கிண்ணம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், பையன் ‘தட்டு’ போதும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை தாளை லேமினேட் செய்யக் கொடுக்கிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை ஷெட்டிலிருந்து