எழுத்து தெரியாத மூணரை வயசுப் பாப்பாவை நூலகத்துக்குக் கூட்டிப் போகலாமா?

ராயக்கோட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு மூணரை வயசு. வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். நான் தக்காளி மண்டியில கணக்கு எழுதுறேன். மதியம் நான் வர்ற வரைக்கும் பாப்பா மாமியார்கிட்டதான். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்ல பேசுறது தெலுங்கு. பக்கத்து வீட்டுப் பையன் எல்.கே.ஜி. போறான், ஏ பி சி டி எழுதிக் காட்டுறான். அதைப் பார்த்துட்டு மாமியார், "என்கிட்ட விட்டுட்டுப் போறதால இவ பின்தங்கிடுவாளோ"ன்னு கவலைப்படுறாங்க.

நூலகத்துல பெரியவங்க பேப்பர் படிக்கிறாங்க, பசங்க போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாங்க. இவ சும்மா உட்கார மாட்டா. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அங்க என்ன இருக்கு? கூட்டிப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி:

இப்ப அவசரம் இல்லைங்க. முதல்ல வீட்டுச் சுவத்துல உயிரெழுத்து சார்ட் ஒட்டி, தினம் சொல்ல வைங்க. எழுத்து கூட்டிப் படிக்க வந்ததும் நூலகம் போகலாம். இப்பவே போனா புத்தகத்தைக் கிழிச்சு வைப்பாங்க, நமக்குத்தான் சங்கடம்.

பென்னாகரம் நூலகர்:

மாந்தோப்பு சார், இதுல எனக்கு உங்களோட உடன்பாடு இல்லை. பென்னாகரம் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான். எழுத்து கூட்டிப் படிக்க வந்த பிறகு முதல்முறையா நூலகத்துக்கு வந்த பிள்ளைகளையும், அதுக்கு முன்னாடியே பாட்டி இடுப்புல உட்கார்ந்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கேன். இடுப்புல வந்ததுங்க பள்ளிக்கூடம் போறப்ப, புத்தகம்னா உள்ள ஏதோ கதை இருக்குன்னு தெரிஞ்சே போச்சுங்க. அது தெரியாத பிள்ளைக்கு எழுத்துங்கிறது அடிக்கு பயந்து செய்யற வேலை.

ராயக்கோட்டை அம்மா, முதல்ல உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க: படிக்கத் தெரியலைங்கிறது இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு குறையே இல்லை. எங்க பக்கம் அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூரு, திருப்பூர்னு வேலைக்குப் போயிடுவாங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தது முழுக்கப் பாட்டிகள்தான், அதுல பாதிப் பேர் கைநாட்டு. படப் புத்தகத்தைக் கையில கொடுத்து, "நீங்க படிக்க வேணாம் ஆயா, படத்தைப் பார்த்துப் பேசுங்க"ன்னு சொல்லுவேன். ஒரு ஆயா ஏர் ஓட்டுற படத்தைப் பார்த்துட்டு, மாட்டுக்கு என்ன பேர் வெச்சாங்க, நுகத்தடி எந்த மரம், ஈர மண்ணு எப்படி மணக்கும்னு அரை மணி நேரம் பேசுச்சு. அந்தப் பக்கத்துல அச்சுல இருந்தது ஒரே ஒரு வரி. எழுத்துப்படி வாசிச்சிருந்தா அந்தப் பேத்திக்கு அந்த ஒரு வரிதான் கிடைச்சிருக்கும்.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. 1988-ல அமெரிக்காவுல வொயிட்ஹர்ஸ்ட்னு ஒரு உளவியலாளரும் அவர் கூட இருந்தவங்களும், ரெண்டு வயசுப் பிள்ளைகளோட அப்பா அம்மாக்களுக்கு ஒரு முறையைப் பழக்கினாங்க. வாசிச்சுக்கிட்டே போகாம நிறுத்தி "இது என்ன பண்ணுது?"ன்னு கேட்கணும். பிள்ளை "நாய்"னு சொன்னா "ஆமா, கறுப்பு நாய், ஓடுது"ன்னு நீட்டிச் சொல்லணும். ஒரே மாசத்துல அந்தப் பிள்ளைகளோட பேச்சு, வழக்கம்போல வாசிச்சுக் காட்டின வீட்டுப் பிள்ளைகளைவிட முன்னாடி போயிடுச்சு. கேட்கிறதும் நீட்டிச் சொல்றதும் உங்க மாமியாருக்கு யாரும் கத்துக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்துல பர்மிங்காம்ல 1992-லேயே நூலகமும் சேர்ந்து கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. எழுத்து வரட்டும்னு அவங்க காத்திருக்கலை.

சார்ட் பத்தியும் சொல்லணும். தமிழ்ல 247 எழுத்து. ஆங்கிலத்துல 26-ஐ ஒப்பிச்சுட்டா முடிஞ்சதுங்கிற மாதிரி இதை நினைக்கக் கூடாது. நம்ம மாதிரி எழுத்து முறைகள்ல முழுசாப் பிடிபட மூணு, நாலு வகுப்பு வரைக்கும் ஆகும்னு கன்னடப் பிள்ளைகளை வெச்சு சோனாலி நாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதியிருக்காங்க. அதனால மூணரை வயசுல எழுத வைக்கிற அவசரம் வேணாம். இப்ப பிடிபட வேண்டியது ஓசை. நீங்க மண்டியில இருக்கீங்களே, தக்-கா-ளின்னு மூணு தட்டு தட்டச் சொல்லுங்க. மாங்-காய் ரெண்டு தட்டு. 'த'வுல தொடங்குற பொருளை வீட்டுக்குள்ள தேடச் சொல்லுங்க. விடுகதை போடுங்க. காதுல ஓசை தனித்தனியாப் பிரிஞ்சா, பின்னாடி எழுத்து அதுமேல வந்து உட்காரும்.

நூலகத்துல சிறுவர் புத்தகம் எங்க இருக்குன்னு கேட்டுப் பாருங்க. ஏன் சொல்றேன்னா, புத்தகம் பெரும்பாலும் இருக்கும், கைக்கு எட்டுற இடத்துல இருக்காது. நான் பொறுப்பெடுத்தப்ப சிறுவர் நூல் எல்லாம் கண்ணாடி பீரோவுல, பூட்டுக்குள்ள. வெளியே எடுத்து, ஒரு கொடிக்கயிறு கட்டி அட்டை தெரியிற மாதிரி கிளிப் போட்டு மாட்டினேன். கீழே பாய் விரிச்சேன். கிழிச்சாங்கதான். பசை வெச்சு ஒட்டினேன். பீரோவுல பளபளன்னு இருக்கிற புத்தகத்தைவிட ஒட்டுப் போட்ட புத்தகம்தான் எனக்குப் பெருமை. "ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்"னு நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல விதியே எழுதி வெச்சாரே, அந்த வாசகர் மூணடி உயரம் இருந்தாலும் வாசகர்தான்.

தயங்காம கேளுங்க. சுதந்திர இந்தியாவுலேயே முதல்ல பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல நம்ம சென்னை மாகாணத்துலதான். நீங்க கட்டுற வீட்டு வரியில ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குன்னு சேர்த்து வாங்குறாங்க. உங்க பேர்ல உறுப்பினர் அட்டை எடுத்துப் பாப்பாவுக்குப் புத்தகம் எடுத்துட்டுப் போகலாம். அங்க உட்கார்ந்து படிக்க எதுவும் கட்ட வேணாம். தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்கு இடைஞ்சல்னு தோணினா கூட்டம் இல்லாத நேரம் எதுன்னு நூலகர்கிட்ட கேளுங்க. நூலகத்துக்கு வர்றவங்க சேர்ந்து நடத்துற வாசகர் வட்டம் இருந்தா, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை நேரம் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. ரெண்டு அம்மாக்கள் சேர்ந்து கேட்டா இன்னும் நல்லது.

தேன்கனிக்கோட்டை அப்பா:

எங்க வீட்ல கன்னடம். பையன் அங்கன்வாடியில தமிழ் கேட்டு முழிச்சான். ஒரு டீச்சர் "வீட்லயும் தமிழே பேசுங்க"ன்னாங்க. நாங்க மாத்தலை. ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் நடத்துற இலவச இணையதளம் இருக்கு. ஒரே கதை தமிழ், கன்னடம், தெலுங்குன்னு பல மொழியில கிடைக்கும். முதல்ல கன்னடத்துல சொல்லிட்டு அடுத்த நாள் அதே படத்தோட தமிழ்ல சொல்லுவேன். கதை தெரிஞ்சிருக்கறதால தமிழ் வார்த்தை அவனுக்குத் தானாப் பிடிபட்டுச்சு. இப்ப பள்ளிக்கூடம் போறான். பள்ளியில கொடுக்கிற வாசிப்பு இயக்கப் புத்தகங்கள்ல 'நுழை'ங்கிற முதல் நிலையை முடிச்சு, அடுத்த நிலையான 'நட'வுக்கு வந்துட்டான்.

ராயக்கோட்டை அம்மா:

நூலகர் அக்கா, நீங்க எழுதினதை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். "நான் படம் பார்த்துத் தெலுங்குல சொன்னா பிள்ளைக்குத் தமிழ் வராமப் போயிடாதா?"ன்னு கேட்கிறாங்க. இன்னொண்ணு, பாப்பா ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறா. புதுசா எதையும் தொட மாட்டேங்கிறா.

பென்னாகரம் நூலகர்:

வராமப் போகாது கண்ணு. மேல தம்பி சொன்னதுதான் பதில். தெலுங்குல ஒரு விஷயம் புரிஞ்ச பிள்ளை, தமிழ்ல அதுக்குப் பேர் மட்டும் கத்துக்கிட்டாப் போதும். மாமியார் நல்லாப் பேசுற மொழியிலேயே பேசட்டும். சாயங்காலம் அதே படத்தை நீங்க தமிழ்ல சொல்லுங்க.

ஒரே கதையைக் கேட்டா சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கெட்டிப்படும். அலுப்பா இருந்தா ஒரு இடத்துல நிறுத்திட்டு அவளை முடிக்கச் சொல்லுங்க.

இன்னொரு வேலை செஞ்சு பாருங்க. மாமியார் கதை சொல்றப்ப, பாப்பா பார்க்க, தேதி காலண்டர் தாளோட பின்பக்கத்துல அதை எழுதுங்க, நாலு வரி போதும். தெலுங்கையும் தமிழ் எழுத்துலேயே எழுதலாம், தப்பில்லை. பாப்பா படம் வரையட்டும், கிறுக்கட்டும், அவ பேரோட முதல் எழுத்தை மட்டும் நீங்க போட்டுக் காட்டுங்க. நூல் கோத்து அதைப் புத்தகமா வெச்சுக்கோங்க. பாட்டி வாயில வந்தது தாள்ல நிக்குதுன்னு கண்ணால பார்க்கிற பிள்ளைக்கு, எழுத்து எதுக்குன்னு தனியாச் சொல்ல வேண்டாம். எங்க நூலகத்துல இப்படிப் புளியமரத்துக் கதை, பன்றி விரட்டின கதைன்னு ஒரு கட்டே சேர்ந்துச்சு. அச்சுப் புத்தகத்தைவிட அதைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்டாங்க.

மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. நூலகத்துக்கு வார விடுமுறை என்னைக்குன்னு கேட்டுக்கோங்க, அன்னைக்குப் போய்த் திரும்பி வந்துடாதீங்க.