'அப்ஸ்ட்ரீம்' என்பதற்கு 'மேல்மடை': ஒலித்தயாரிப்பு இயங்குதளப் பொதிகளுக்கான கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒலித்தயாரிப்புக்கான திறந்தமூல இயங்குதளத்தில் பொதிகளை, அதாவது நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருள்களைப் பராமரிப்பது பற்றிய கையேட்டைத் தமிழாக்கும் பணியில், மென்பொருள் நம் கைக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தத் தரப்பைக் குறிக்கும் 'அப்ஸ்ட்ரீம்' என்ற ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறோம். பொதி, களஞ்சியம் (பொதிகளின் சேமிப்பிடம்), சார்புநிலை (ஒரு பொதி இயங்க மற்றொன்று தேவைப்படுவது), ஒட்டு (நிரலில் செய்யும் சிறு திருத்தம்), செருகுநிரல் (மென்பொருளோடு இணைக்கும் துணைநிரல்) ஆகியவற்றில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. அவற்றைத் திரும்பத் திறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு சொல்தான் கையேட்டின் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் வருகிறது; அது தவறாக அமைந்தால் மற்ற அனைத்தும் தவறாகப் படிக்கப்படும். இதற்கு 'மேல்மடை' என்றும், இதன் எதிர்ச்சொல்லான 'டவுன்ஸ்ட்ரீம்' என்பதற்குக் 'கீழ்மடை' என்றும் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

அந்தச் சொல் செய்யவேண்டிய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்டோர் என்ற பல்தட ஒலிப்பதிவு மென்பொருளை பால் டேவிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதி வெளியிடுகிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பல்லூடகக் குழு அதைப் பொதியாகக் கட்டுகிறது. அந்தப் பொதியை, டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு இயங்குதளம் எடுத்துக்கொள்கிறது; 2007-இல் முதற்பதிப்பு கண்ட, ஒலித்தயாரிப்புக்கும் பயன்படும் உபுண்டு ஸ்டூடியோ அதனை இசைக்கலைஞரின் கணினிவரை கொண்டு சேர்க்கிறது. இந்த வரிசையின் எந்தப் படியில் நிற்பவரும் தமக்கு மேற்படியில் இருப்பவரை 'அப்ஸ்ட்ரீம்' என்கிறார். டெபியனில் பொதி கட்டுபவருக்கு அது ஆர்டோர் எழுதுபவர்களைக் குறிக்கிறது. உபுண்டுவில் வேலை செய்பவருக்கு அது பெரும்பாலும் டெபியனைக் குறிக்கிறது. ஆகவே இது ஓர் இடத்தின் பெயர் அன்று, ஓர் உறவின் பெயர். மாமன் என்ற சொல்லைப் போல, சொல்பவர் யார் என்று தெரிந்தால்தான் சுட்டப்படுபவர் யார் என்று விளங்கும்.

இந்த உறவு பதிப்பெண்ணிலேயே எழுதப்பட்டிருப்பதைக் கையேட்டின் மூன்றாம் பகுதியை மொழிபெயர்க்கும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு பொதியின் பதிப்பெண்ணில் 8.4.0 என்பதுபோல முதலில் வரும் பகுதி மென்பொருளை எழுதியவர்கள் வைத்தது. அதை அடுத்து வரும் சிறுகோட்டுக்குப் பின்னுள்ள எண், டெபியன் அந்தப் பதிப்பின்மேல் எத்தனையாவது முறையாகப் பொதி கட்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உபுண்டு அதில் தன் பங்குக்கு ஏதேனும் மாற்றினால் அதற்கும் பின்னால் தன் பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாகப் படித்தால் மென்பொருள் வந்த வழி தெரிந்துவிடும். நாம் தேர்ந்தெடுக்கும் சொல், இந்த எண்ணின் ஒவ்வொரு கூறையும் பிறழாமல் சுட்ட உதவவேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்க்கலாம். 'மூலத்திட்டம்' என்பதை ஈரோட்டு அன்பர் முன்வைத்தார். மூலநிரல், மூலப்பொதி, திறந்தமூலம் என்று மூலம் ஏற்கெனவே மூன்று இடத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறது. 'மூலத்திட்டத்தின் மூலநிரலிலிருந்து மூலப்பொதியை' என்று ஒரு வாக்கியம் என் வரைவிலேயே விழுந்தது. அதைவிடப் பெரிய குறை, மூலம் என்றால் தொடக்கம் என்பதே. உபுண்டுவுக்கு மேலே நிற்கும் டெபியனைத் தொடக்கம் என்று எப்படிச் சொல்வது? 'ஊற்று' என்ற சொல்லுக்கும் இதே தடை உண்டு. 'மேலோடை' உறவைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லை அறிந்தவருக்கு மட்டுமே அது பிடிபடும் என்று அஞ்சுகிறேன். ஓடை தன்போக்கில் ஓடுவது, அதில் எவரும் எதையும் திறப்பதுமில்லை, அடைப்பதுமில்லை. பொதிப் பராமரிப்பிலோ ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று, இந்தப் பதிப்பை விடலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று முடிவு செய்கிறார். 'அப்ஸ்ட்ரீம்' என்றே எழுதிவிடலாம் என்பவர்களின் கருத்தை நான் மதிக்கிறேன். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். கையேட்டில் ஒருமுறை அடைப்புக்குறி இல்லாமல் அதையும் குறிப்பிட்டுவிடலாம்.

என் முன்மொழிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். சென்ற மாசி மாதத்தில் நரசிங்கம்பேட்டையில், ஒரு வீட்டின் முன்னறையில், நாகசுரமும் தவிலும் பதிவு செய்துகொண்டிருந்தோம். அந்த ஊரில் செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரொலிச் செருகுநிரல் ஒன்றைத் திறந்தவுடன் பதிவு மென்பொருள் முழுவதும் மூடிக்கொண்டது. தேடிப் பார்த்தபோது, அதை எழுதியவர்கள் அந்தப் பிழையை முன்பே திருத்தி வெளியிட்டிருந்தார்கள் என்றும், என் கணினியில் இருந்த இயங்குதளத்தின் களஞ்சியத்துக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்துசேரவில்லை என்றும் தெரிந்தது. என்ன தடை என்று நாகசுரக்காரர் கேட்டார். நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர், "தண்ணி ஆத்துல வந்துடுச்சு, நம்ம வாய்க்கால்ல இன்னும் விடலை. அப்படித்தானே தம்பி?" என்றார். அப்படித்தான். அதன்பின் நான் செய்யவேண்டியதும் தெளிவாகிவிட்டது: எழுதியவர்களிடம் போய் முறையிடுவதில் பயனில்லை, பொதி கட்டுபவரிடம்தான் அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்கவேண்டும். பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, எந்தப் படியில் போய்க் கேட்பது என்று தெரியாமல் வேறொரு படியில் கேட்பதால் வருகிறது. நம் சொல் அந்தப் படியைக் காட்டவேண்டும்.

காவிரிப் படுகையில் இந்த உறவைச் சொல்லாமல் யாரும் பேசமுடியாது. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறு ஆகியவற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மறுபடியும் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. பாமணியாற்றில் தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கு மூணாறு தலைப்பு மேலே இருக்கிறது. அந்தத் தலைப்பில் நிற்பவருக்குத் தென்பெரம்பூர் மேலே. அங்கே நிற்பவருக்குக் கல்லணை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து சி, டி பிரிவு வாய்க்கால்கள், அவற்றிலிருந்து வயலின் மடை என்று கடைசிவரை இதே உறவுதான் தொடர்கிறது. எந்த இடத்திலும் நீர் தானாக இறங்கிவிடுவதில்லை, ஒருவர் திறந்தால்தான் வருகிறது. ஒவ்வொரு படியிலும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்ற பொருளை 'மடை' கொண்டுவருகிறது. 'ஓடை'யால் அது முடியாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தஞ்சையில் மேலவீதி மேற்கே இருக்கிறது, கீழவாசல் கிழக்கே இருக்கிறது. ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் நிலத்தில் 'மேல்' என்பது திசையையும் நீர் வரும் பக்கத்தையும் ஒருங்கே சுட்டுகிறது.

அப்படியானால் நாளிதழ்களில் அன்றாடம் வரும் 'தலைமடை', 'கடைமடை' என்பவற்றையே எடுத்துக்கொள்ளலாமே என்று கும்பகோணத்து நண்பர் கேட்டிருக்கிறார். முதலில் நானும் அவற்றைத்தான் எழுதி வைத்தேன், பிறகு மாற்றினேன். தலைமடை என்பது தண்ணீரை முதலில் பெறும் நிலம்; கடைமடை என்பது கடைசியாகப் பெறும் நிலம். இரண்டும் வரிசையின் நுனிகள். டெபியனை உபுண்டுவின் தலைமடை என்றால், டெபியனுக்கு மேலே எதுவுமே இல்லை என்ற பொருள் வந்துவிடும். ஆனால் 'கடைமடை'யை விட்டுவிட எனக்கு மனமில்லை. மென்பொருள் இறுதியாக வந்துசேரும் பயனரின் கணினிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அதற்கு மேல் எத்தனை படிகளில் திருத்தம் வந்திருந்தாலும், காவிரியின் கடைமடையில் இருக்கும் தலைஞாயிற்று விவசாயி தம் வயலைப் பார்த்துத்தான் தண்ணீர் வந்ததா என்று சொல்வார். பதிவுக்கூடத்தில் இருப்பவரும் அப்படித்தான்.

இனி, கடினமான பகுதி. தண்ணீர் கீழேதான் போகும். ஆனால் பொதிப் பராமரிப்பில் ஒட்டுகள் மேலேயும் போகவேண்டும். டெபியன் 1997-இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் இரண்டாம் கூறு, பிழைத்திருத்தங்களையும் மேம்பாடுகளையும் பயனர் வேண்டுகோள்களையும் மேலே உள்ள மென்பொருள் ஆசிரியர்களுக்குத் தெரிவிப்போம் என்று உறுதியளிக்கிறது. ஒலித்தயாரிப்பில் இதன் அருமை நமக்கு நன்றாகத் தெரியும். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், கணினி ஒரே மூச்சில் கையாளும் ஒரு சுற்றுக்கு 256 மாதிரிகள் என்று வைத்தால், கணினிக்கு ஒவ்வொரு சுற்றையும் முடிக்கக் கிடைப்பது ஏறக்குறைய 5.3 மில்லிநொடி, அதைத் தவறவிட்டால் தவிலின் நடுவே 'டிக்' என்று ஓர் ஒலி விழும். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருநிரலை இத்தகைய கெடுவுக்குள் உறுதியாக வேலை செய்யவைக்கும் நிகழ்நேர ஒட்டுகள் சுமார் 20 ஆண்டுகள் முதன்மைக் கருநிரலுக்கு வெளியே தனியாகப் பராமரிக்கப்பட்டன. பகுதி பகுதியாக மேலே சென்று, 2024-இல் வெளியான 6.12 பதிப்பில்தான் அவை முழுமையாக உள்ளே சேர்ந்தன. அவ்வளவு காலமும் ஒவ்வொரு புதிய கருநிரலுக்கும் அந்த ஒட்டுகளை மறுபடி மறுபடி பொருத்தவேண்டியிருந்தது. மேலே ஏறாத ஒட்டு, கீழே இருப்பவரின் தோளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இந்த மேல்நோக்கிய செயலுக்கு 'ஏறுதல்' என்ற வினை போதும் என்று நினைக்கிறேன். புதுத் தண்ணீர் வரும்போது கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்து வருவதை 'மீன் ஏறுகிறது' என்றுதான் சொல்கிறோம். படகோ துடுப்போ அந்தப் படிமத்தில் தேவையில்லை. 'ஒட்டு மேல்மடைக்கு ஏறிவிட்டது', 'மேல்மடைக்கு ஏற்றவேண்டிய ஒட்டுகள்' என்று எழுதிப் பாருங்கள். பதிவேற்றம் என்ற சொல்லோடு குழம்பாமலிருக்க, 'மேல்மடைக்கு' என்பதை இந்த வினையோடு எப்போதும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

ஆசிரியர்களைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் எச்சரிக்கை வேண்டும். 'மேல்மடையர்' என்று எழுதிவிட்டால் வசைச்சொல் காதில் விழும். பல ஆண்டு உழைப்பை இலவசமாகக் கொடுப்பவர்களை அப்படிச் சுட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. 'மேல்மடை ஆசிரியர்' என்றோ, சுருக்கமாக 'மேல்மடையார்' என்றோ எழுதலாம். வலையமைப்பில் தரவு செல்லும் திசையைக் குறிக்கும் 'அப்ஸ்ட்ரீம்' வேறு பொருள்; அதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று சொற்பட்டியலிலேயே குறித்துவிடலாம்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து

மதுரையிலிருந்து ஒரு மறுமொழி:

ஐயா, வணக்கம். உறவைக் குறிக்கும் சொல்தான் வேண்டும் என்ற தங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. புணர்ச்சி விதிப்படி 'மேன்மடை' என்றல்லவா வரவேண்டும்? அடுத்து, எங்கள் பக்கம் பாசனம் கண்மாயைச் சார்ந்தது. ஒரே கண்மாய்க் கரையில் மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு இருந்தால், அவை ஒன்றுக்கொன்று நீர் கொடுப்பவை அல்ல. ஒரே நீரைத் தனித்தனியாக வெவ்வேறு வயல்களுக்கு விடுபவை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தச் சொல்லைப் படித்தால், டெபியனும் உபுண்டுவும் உடன்பிறந்தவை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று கவலைப்படுகிறேன். ஒரு கண்மாய் நிரம்பி அடுத்த கண்மாய்க்கு மறுகால் பாய்வதுதான் எங்களிடம் இதற்கு ஒப்பான உறவு.

அதற்கு என் விடை:

புணர்ச்சி பற்றித் தாங்கள் சொல்வது இலக்கணப்படி சரியானது. ஆனால் மேல்மாடி, மேல்மட்டம், மேல்மருவத்தூர் என்று இன்றைய எழுத்தில் இயல்பாகவே நிற்கிறது. 'மேன்மடை' என்று எழுதினால் மேன்மை என்ற பொருள் ஏறி, மேலே இருப்பவர் உயர்ந்தவர் என்ற எண்ணத்தைத் தந்துவிடும். ஆகவே பிரித்து ஒலிக்கும் வடிவத்தையே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

கண்மாய் பற்றிய ஐயம் எனக்குத் தோன்றாதது, நன்றி. படுகையில் வளர்ந்தவன் என்பதால், மடை என்றவுடன் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவையே என் கண்ணில் பட்டன. 'மேல்கண்மாய்' என்று மாற்றலாமா என்று இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். களஞ்சியம் என்பது தேக்கிவைப்பதுதான் என்பதால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மறுகால், கண்மாய் நிரம்பினால் பாய்வது. பராமரிப்பாளர் பதிப்பை விடுவது நிரம்பி வழிவதால் அன்று, பார்த்துத் தேர்ந்து திறப்பதால். அதனால் 'மேல்மடை'யிலேயே நிற்கிறேன். தங்கள் பக்கத்துப் படிப்பவருக்காகச் சொற்பட்டியலில் இந்த வரையறையைச் சேர்த்திருக்கிறேன்: "மேல்மடை: ஒரு பொதி, அதைப் பராமரிப்பவரின் கைக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திட்டம் அல்லது இயங்குதளம். அங்கிருந்து பெறுவது கீழ்மடை. ஒன்றே ஒருவருக்கு மேல்மடையாகவும் மற்றொருவருக்குக் கீழ்மடையாகவும் இருக்கும்."

மூன்றாம் பகுதியின் வரைவில் இந்தச் சொல்லை இட்டு இன்றிரவு அனுப்புகிறேன். ஒட்டின் தலைப்பகுதியில், அது மேலே அனுப்பப்பட்டதா என்பதைக் குறிக்கும் புலத்தை 'மேல்மடைக்கு ஏற்றியது' என்று மொழிபெயர்த்திருக்கிறேன். அதன் மதிப்புகளாக 'ஆம்', 'இல்லை' ஆகிய இரண்டும் பொருந்துகின்றன. 'தேவையில்லை' என்ற மூன்றாவது மதிப்பு, அந்த ஒட்டு நம் இயங்குதளத்துக்கு மட்டுமே உரியது என்ற பொருளில் வருகிறது. அதற்கு 'இம்மடைக்கு மட்டும்' என்பது சரியாக வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.